எட்டு நாள் மூட்டை

"அண்ணா, நான் ஒரு பிழை செய்திட்டன். அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ."

இரவு பன்னிரண்டரை. மல்வேர்ன் வீட்டு மேல்மாடியில், போர்வைக்குள் இருந்தபடி போனில் கிசுகிசுத்தாள் பதினாறு வயது அட்சயா.

பக்கத்து நகரான ஒஷாவாவில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் திலக்சன் திடுக்கிட்டு எழும்பினான். "என்னடி? காரைக் கொண்டுபோய் இடிச்சுப்போட்டியே?"

"இல்லை. காம்ப் சப்பாத்தை ஒளிச்சு வைச்சிட்டன்."

"அந்தப் பழங்காலத்துத் தோல் சப்பாத்தோ?"

"ஓம். அது இல்லாட்டி உள்ளுக்கு விடமாட்டினம். இந்த நாட்டில 1812ஆம் ஆண்டு நடந்த சண்டையை அந்தக் காலத்து உடுப்போட நடிச்சுக் காட்டுற காம்பில ரன்னிங் ஷூ போட ஏலாதாம்."

"அப்ப ஏன் ஒளிச்சனி?"

"பயம் அண்ணா. முதல்ல பகல் பயணம், ஒரு கூடையோட முடிஞ்சுது. போன மாசம் ரெண்டு நாளெண்டு கம்பளியும் சட்டியும் கட்டினது. அந்த ஒரு ராவே நான் கண் மூடேல்லை. இது எட்டு நாள்! கீழ கிடக்கிற சாமானைப் பாத்தா வீடு மாறுற மாதிரிக் கிடக்கு. போனைக்கூட பெட்டிக்குள்ளதான் ஒளிச்சு வைக்கோணுமாம்."

"எட்டு நாள் போன் இல்லாம ஆரும் செத்ததில்லையடி."

அவள் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, அழாதை. அம்மா என்ன செய்யிறா?"

"மரப்பெட்டிக்குள்ள சாமான் அடுக்குறா. அதில பாட்டு வேற!"

திலக்சன் போர்வையை விலக்கிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்பா செத்த பிறகு அந்த வீட்டில எப்பயடி பாட்டுக் கேட்டது? உன்ர பயத்தால அதைக் கெடுத்துப்போடாதை. விடிய நான் அங்க நிப்பன்."

காலை ஆறரைக்கு வாசலில் காம்ப் ஆட்களின் வான் வந்து ஹோர்ன் அடித்தது. விடியவே வந்து சேர்ந்திருந்த திலக்சன் மூச்சு வாங்க மரப்பெட்டியை ஏற்றினான். "உதுக்குள்ள பீரங்கியையும் வைச்சுக் கட்டினீங்களோ?"

அட்சயா கட்டிலுக்குக் கீழே கைவிட்டுச் சப்பாத்தை எடுத்தாள். தலை குனிந்தபடி படியிறங்கி வந்தாள்.

"கம்பளி எடுக்க உன்ர அறைக்கு வரேக்க நேற்றே கண்டனான்," என்று அம்மா அவள் தலையைத் தடவினாள். "நீயாக் கொண்டு வருவாய் எண்டுதான் பேசாமல் இருந்தனான்."

அட்சயா முழந்தாளிட்டு அமர்ந்து, அந்தச் சப்பாத்தை அம்மாவின் கால்களில் மாட்டி, வாரை இறுக்கிக் கட்டினாள்.

"சந்தோசமாப் போயிட்டு வாங்கோ அம்மா. எட்டு நாளும் அண்ணா என்னோட நிப்பார்."