நாற்பத்தைந்து லிட்டர்

அர்ச்சுனன் மூன்றாவது முறையாக இன்ச் டேப்பை இழுத்தான்.

மொரப்பூரில் ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் அவனுடைய மரப்பட்டறை. தகரக் கூரை பதினோரு மணிக்கே கொதிக்க ஆரம்பித்திருந்தது. காலையிலிருந்து இதே மேசைதான். முதுகு விட்டுப்போயிருந்தது.

இரண்டு வாகைப் பலகைகள் தாங்கிகளின் மேல் எதிரெதிராகக் கிடந்தன. பட்டை உரித்த ஓரங்கள் ஆற்றங்கரை மாதிரி வளைந்து வளைந்து போயின. நடுவில் விடும் இடைவெளியில் நீல ரெசினை ஊற்றி இறுகவிட்டால் அதுதான் ஆறு. ரிவர் டேபிள்.

கேட்டவன் தமிழ்ச்செல்வன். போனில் படம் அனுப்பி, சாப்பாட்டு மேசைக்கு மூன்றடி அகலம் போதும் என்று சொல்லியிருந்தான்.

அதற்கு நேற்றே கணக்குப் போட்டாயிற்று. ஓரம் வளைவதால் ஒரே இடத்தில் அளந்தால் ஏமாந்துபோவோம். ஒரு சாணுக்கு ஒரு தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும். நீளம் நூற்று எண்பது, இடைவெளி இருபது, கனம் ஐந்து சென்டிமீட்டர். பதினெட்டு லிட்டர். விரிசல் குடிப்பது, கசிவது என்று பத்தில் ஒரு பங்கு கூட. ஆக இருபது.

காலையில் தமிழ்ச்செல்வனின் மனைவி மலர்விழி வந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்திருந்தாள். ஆறு இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும் என்றாள்.

இடைவெளியை முப்பதாக்கினான். முப்பது லிட்டர் வந்தது.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவனை எதிர்ப்பக்கம் உட்காரச் சொன்னாள். கையை நீட்டச் சொன்னாள். சாம்பார்க் கிண்ணம் எட்டுமா என்று பார்க்கிறாள் போல என்று நினைத்து நீட்டினான்.

குனிந்து நீட்டுங்கள் என்றாள்.

நெஞ்சு பலகையில் படக் குனிந்து நீட்டினான். விரல்கள் அவள் முகத்துக்கு அருகில் போனபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் இழுத்தாள்.

பத்தாது என்றாள்.

அலுப்போடு பலகைகளை இன்னும் தள்ளி வைத்தான். நாற்பத்தைந்து சென்டிமீட்டர். திரும்பவும் சாண் சாணாக டேப்பைப் பிடித்தான். கசிவையும் சேர்த்தால் நாற்பத்தைந்து லிட்டர். ஆறு ஏரியாகிக்கொண்டிருந்தது. குழம்பை எடுத்துக் கொடுக்கக்கூட ஒருத்தர் எழுந்துதான் வர வேண்டியிருக்கும் டீச்சர் என்று எரிச்சலை அடக்கிக்கொண்டு சொன்னான்.

"அதாங்கண்ணா வேணும். அவரு எந்திரிச்சு சுத்தி வர்றதுக்குள்ள நானு வாசலுக்குப் போயிடுவனுங்க."

அழவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

அர்ச்சுனன் டேப்பைச் சுருட்டினான். எத்தனை வருஷமாக என்று கேட்க வாயெடுத்தான்.

அவள் சொல்லாமலேயே மறுபடி எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான். நெஞ்சு பட, முடிந்த மட்டும் குனிந்து, கையை நீட்டினான். விரல் நடு ஆற்றைத் தாண்டி எதிர்ப் பலகையோடு நின்றுவிட்டது. அவள் கண்ணை மூடவில்லை.

தான் வந்துபோனது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டரை பஸ்ஸுக்குப் போனாள்.

நாலு மணிக்குத் தமிழ்ச்செல்வன் போன் செய்தான். நாளைக் காலையில் வந்து பார்ப்பதாகவும், தான் பார்த்த பிறகு ரெசின் ஊற்றினால் போதும் என்றும் சொன்னான்.

"அளவு பெசகிப்போச்சுங்க. அகலம் நாலடிக்கு வந்துருச்சு. ரெசினும் ஊத்தியாச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

தமிழ்ச்செல்வன் கத்தி முடிக்கிறவரை போனைக் காதிலேயே வைத்திருந்தான். தப்பு என்னுடையதுதான் என்று இரண்டு தடவை சொன்னான்.

பிறகு போனை ஜன்னலில் வைத்துவிட்டு, பலகைகளை அச்சுப்பெட்டியில் இறக்கி முடுக்கினான். முதல் வாளி ரெசினைக் கலக்க ஆரம்பித்தான்.