விளைமீனும் ஒரு பெயரும்

குளச்சல் கடற்கரையில் வியாழக்கிழமைப் பொழுது பொன்னுருகிச் சாய்கிறது. மீன்காரி சிலுவையம்மையின் பனையோலைக் கடவத்தருகே, கயிறு வாங்கக் கொச்சியிலிருந்து வந்திருக்கும் யூத வணிகர் எலியாவு குந்தியிருந்து, ஒவ்வொரு மீனாய்ப் புரட்டிச் செதில் தேடுகிறார். திருக்கையை ஒதுக்கிவிட்டு, ஒரு விளைமீனை இரு கைகளிலும் ஏந்துகிறார். அதன் செதில்களில் வெயில் சிதறித் தெறிக்கிறது.

“மீனுக்குச் சாதகமா பாக்குதிய மொதலாளி?” என்று அவள் சிரிக்கிறாள்.

“செதிலில்லாத்தது எங்களுக்கு ஆகாது. இது நாளைக்கு அந்தியில தொடங்குற ஓய்வுநாள் விருந்துக்காக்கும். நல்லவங்க ஆத்மா மறுபிறவியில மீனா வரும்னு எங்க மூத்தவங்க சொல்லுவாங்க. செபம் சொல்லித் தின்னா, அது கரையேறி மேலே போகும்.”

அவள் சிரிப்பு அடங்குகிறது. ஆடிக்கடல் அவள் கணவனைக் கொண்டுபோய் ஓராண்டாகிறது. உடல் ஒதுங்கவில்லை, கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கென ஒரு பிடி மண்ணும் விழவில்லை. அவ்வுயிர் எங்கே அலைகிறதோ என்ற ஏக்கத்திலும், அவனைத் தின்ற மீனோ என்ற அச்சத்திலும், மீன் விற்கும் அவள் நாவில் மீனே படுவதில்லை. இப்போது விளைமீனின் ஈரக்கண்ணை அவள் அஞ்சாமல் பார்க்கிறாள்.

“எங்க வீட்டுக்காரரையும் நெனச்சுச் செபம் சொல்லுவியளா?”

“சொல்லாம பின்னே? பேரென்ன?”

தாலி ஏறிய நாள்முதல் அவள் வாய் அப்பெயரை உச்சரித்ததில்லை. மனைவி சொன்னால் கணவனுக்கு ஆயுள் குறையும் என்பது அக்கரையின் நம்பிக்கை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். அலை ஒன்று மணலேறி நுரைத்துத் திரும்புகிறது.

“தொம்மை மிக்கேல்” என்கிறாள். பிறகு, அலையோசைக்கு மேலாகக் கேட்கும்படி, கடலைப் பார்த்து மீண்டும் அழைக்கிறாள்.