இருபதாம் நாள்

மர்பி டவுன் வீட்டுக் கூடத்தில் என் வீட்டுக்காரரைக் கிடத்தியிருக்கிறார்கள். வாசல்வழி மார்கழிக் குளிர் வருகிறது. சுவரோரம் அவர் பலகையடித்துச் செய்த குஞ்சு பொரிக்கும் பெட்டி. முட்டை வைத்து இன்று இருபதாம் நாள், ஓட்டுக்குள் மெல்லிய கீச்சொலி கேட்கிறது. பெட்டிக்குச் சூடு தரும் மண்ணெண்ணெய் விளக்கை அவருடைய அண்ணன் சிங்காரம் குனிந்து ஊதி அணைக்கிறார். "சாவு வூட்ல நெருப்பு எரியக் கூடாதும்மா. அடுப்பே மூட்டல, கோழிக்கு என்னா கேடு?" அவர் விரலிடுக்கில் பீடி புகைகிறது. "அது என்னா மாமா, பனிக்கட்டியா?" என்கிறேன். ஒப்பாரி நின்றுவிடுகிறது. "நாளைக்குப் பொரியற குஞ்சுங்க, வெறைச்சுப் பூடும். தீப்பெட்டியக் குடுங்க." அவர் அசையவில்லை. இத்தனை வருடம் நேரே நின்று பேசியிராத மனிதரின் சட்டைப்பையில் கைவிட்டு, நானே எடுத்து உரசுகிறேன்.