ஏழாவது குறை

விடிந்ததும் விடியாததுமாக மகனின் உதட்டுக்கு மேல் பிளேடு வைத்து வழித்துவிட்டாள். லேசாகக் கீறிவிட்டது. அதன்மேல் பவுடரை அப்பினாள்.

"வாயைத் திறக்காத தாமு. அவங்க போற வரைக்கும்."

தலையை ஆட்டினான்.

பதினாலு வயது. ஒல்லிப்பிச்சான். குந்தி உட்கார்ந்தால் பத்து என்றாலும் நம்புவார்கள். காப்பகப் பதிவேட்டில் மூன்று வருடமாக அவனுக்குப் பதினொன்றுதான்.

அது வீடில்லாத பெண்கள் இரவு தங்கும் காப்பகம். பன்னிரண்டு தாண்டிய பையனுக்கு அங்கே இடமில்லை. அவனைத் தனியாக எங்கோ ஒரு விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். மாட்டேன் என்றால் இருவரும் பழையபடி மேம்பாலத்தடிக்குத்தான் போக வேண்டும்.

உடம்பை ஒளிக்கலாம். போன மாதம் உடைந்த குரலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

காப்பகத்தைச் சோதிக்க வரும் அரசாங்க மேடம் பத்து மணிக்கு வந்தார். விரட்டுகிற மேடமாக இருந்தாலாவது பழகிய பயம். இவர் செருப்பை வாசலிலேயே கழற்றினார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பதிவேட்டை ஒரு பக்கம், தன் நோட்டை ஒரு பக்கம் விரித்துக்கொண்டார்.

"இங்க என்னென்ன குறைன்னு நீங்கதான் சொல்லணும். சரி பண்றதுக்குத்தான் வந்திருக்கேன்."

பெண்கள் சொன்னார்கள். குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. மூட்டையை நம்பி வைத்துவிட்டுப் போக இடமில்லை. காய்ச்சல் என்றாலும் காலை ஆறு மணிக்கு வெளியே அனுப்பிவிடுகிறார்கள், இன்றைக்கு மட்டும்தான் இல்லை. மேடம் எண் போட்டு எழுதிக்கொண்டே வந்தார். ஆறு ஆயிற்று.

"ஏழாவது?"

வளர்ந்த பையனை அம்மாவோடு இருக்க விடுவதில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. விழுங்கினாள்.

மேடத்தின் பார்வை தாமுவிடம் வந்து நின்றது.

"தம்பி பேரு என்ன?"

அவன் அம்மாவைப் பார்த்தான்.

மேடம் சிரித்துக்கொண்டே மறுபடியும் கேட்டார்.

"அவனுக்குப் பேச வராது மேடம்."

சொன்னது காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் பியூலா அக்கா. தங்கமான மனசு. அவசர நாக்கு.

மேடத்தின் முகம் வாடிவிட்டது. அவனை அருகே இழுத்துத் தலையைத் தடவினார். போனை எடுத்தார்.

"பேச வராத பிள்ளைங்களுக்குன்னே ஒரு ஸ்கூல் இருக்கும்மா. அங்கேயே தங்கிப் படிக்கலாம். நான் சொன்னா இன்னைக்கே சேர்த்துப்பாங்க. வண்டி வெளியதான் நிக்குது, கையோட கூட்டிட்டுப் போயிடறேன்."

போனில் மணி அடிப்பது அவளுக்கே கேட்டது.

பியூலா அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேசினால் பதினாலு. பேசாவிட்டால் வண்டி.

அந்தப் பக்கம் யாரோ எடுத்துவிட்டார்கள்.

அவள் அவன் கையைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது.

"சொல்லுடா" என்றாள்.

கூடம் முழுக்க ஓர் ஆண் குரல் கேட்டது.

"நானும் அம்மாவும் ஒரே இடத்துல இருக்கணும் மேடம்."

போனில் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மேடம் அதை மடியில் கவிழ்த்துவைத்தார். வியர்வையில் பவுடர் கரைந்து கீறல் சிவப்பாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பேனாவை எடுத்தார்.

பதிவேடும் திறந்திருந்தது. நோட்டும் திறந்திருந்தது.

அவளுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். விழப்போவது நோட்டில் ஏழா, பதிவேட்டில் பதினாலா என்று பேனா முனையையே பார்த்தாள்.