விளக்குக்காரர் வீடு

பலகையை இரண்டாம் முறை படித்தபோது அவளுக்குக் காது மடல் சுட்டது.

'புயலன்று தந்தை கால் முறிந்து கிடக்க, பத்து வயது மகன் 212 படி ஏறி விளக்கேற்றினான். நாற்பது படகுகள் கரை சேர்ந்தன.'

தான் பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் முப்பது வருஷம் கழித்து டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். நகராட்சி அச்சிட்ட தாளில் படகுச் சவாரி, மரப்பாலம், குளிக்கும் துறை ஆகியவற்றுக்கு அடுத்து நாலாவதாக இருந்தது இந்த வீடு.

தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் அப்பா பொம்மை, காலில் கட்டோடு. அடுப்படியில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியில் சிரித்ததே கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் படிக்கட்டு வாசலில், மண்ணெண்ணெய் டின்னும் அரைக்கால் சட்டையுமாக ஒரு பையன்.

அவ்வளவுதான் குடும்பம்.

"யாரு எழுதினது இது?"

"ஏம்மா, எழுத்துப் பிழையா?" என்றாள் டிக்கெட் கிழிக்கும் பெண்.

"மொத்தமும் பிழை. இவனாவது ஏறுறதாவது! மூணாவது வளைவு தாண்டினா வாந்தி எடுப்பான். ஏறினது இவன் அக்கா. அப்ப அவளுக்குப் பன்னிரண்டு வயசு."

அந்தப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்ததுபோல் இருந்தது.

ஒரு பெண்பிள்ளையை அழிப்பது இந்த ஊருக்கு எத்தனை சுலபம்! சிலேட்டை ஈரத்துணியால் துடைக்கிற வேலை. தம்பிக்குத் தெரிந்தால் கொதித்துப் போவான். அவன் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், பலகையைப் பிடுங்கித்தானே ஆகவேண்டும்?

"எங்க மேல கோவப்படாதீங்கம்மா. இந்த வீட்டுப் பிள்ளையே வந்து நாலு நாள் கூடவே நின்னு, பொம்மைக்குச் சட்டை நிறம் வரைக்கும் சொல்லிக் கொடுத்தாரு. கூடப் பொறந்தவங்க உண்டான்னு கேட்டோம். ஒத்தைப் பிள்ளைன்னாரு."

ஜன்னலுக்கு வெளியே ஐஸ்கிரீம் வண்டியின் மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.



அவள் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். அப்பாவைத் தாண்டி, படிக்கட்டு வாசலில், பையன் மறையும்படி அவனுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"ஐயோ, அங்க போகக் கூடாதும்மா! வெளிய வாங்க, ஆளுங்க வர்றாங்க."

"வரட்டும்."