கோட்டுக்கு நேர் பின்னால்

ஜூலை 3, வியாழன்

இருக்கைகளைத் தவறான பக்கத்தில் எடுத்துவிட்டேன்.

மைதான வரைபடத்தை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தும், அண்ணிக்கு எதிரே எடுப்பதற்குப் பதில் அவருக்கு நேர் பின்னால் எடுத்திருக்கிறேன். ஆகவே டென்னிஸ் அரையிறுதி ஆட்டத்தில் நாங்கள் பார்த்தது அண்ணியின் முதுகைத்தான்.

"மருமக முகத்தைப் பாக்கலாம்னு வந்தா, கொண்டையைக் காட்டுறியேடி," என்றாள் அம்மா.

அண்ணி ஆடுகிறவர் அல்ல. கோட்டு நடுவர். ஆடுகளத்தின் பக்கவாட்டுக் கோடு முடியும் இடத்தில் நின்றுகொண்டு, பந்து கோட்டில் பட்டதா, வெளியே விழுந்ததா என்று சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறார். இந்தப் போட்டிக்காக வருடா வருடம் விடுப்பு எடுத்து வருகிறார்.

இன்று பிசகாமல் முடித்தால் சனிக்கிழமை இறுதி ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். இதுவரை ஒரு முறையும் கூப்பிட்டதில்லை.

மைதானம் முழுக்கப் பந்தோடு சேர்ந்து இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. அண்ணியின் தலை மட்டும் அசையவில்லை. ஒவ்வொரு சர்வீஸுக்கும் முழங்காலில் கை ஊன்றிக் குனிவார். பந்து எங்கே போனாலும் அவர் பார்வை கோட்டிலேயே இருந்தது.

"அவுட்!"

வீட்டில் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரல் அது. அதைக் கேட்டு அத்தனை பேரும் அடங்கிப்போனார்கள்.

உலகமே கொண்டாடும் நெட்டை ஆட்டக்காரன் ஒருவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை முறைத்தான். முதுகைப் பார்த்தே சொல்ல முடிந்தது, அண்ணி அவனைச் சட்டை செய்யவில்லை. அவனே போய்ப் பந்து விழுந்த இடத்தைப் பார்த்தான். திரும்பி நடந்தான்.

"நான் கத்தினா வீட்டுல ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறதில்ல," என்றான் அண்ணன். "இவ கத்தினா ஊரே நின்னுடுது." பெருமை தாங்காமல் என் தொடையில் ஒரு அடி போட்டான். இன்னும் வலிக்கிறது.

கடைசி செட். இருவரும் சமநிலை. பந்து கோட்டை ஒட்டி விழுந்தது.

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

அவர் குரல் கொடுக்கவில்லை. கையை நீட்டவும் இல்லை. பின்னாலிருந்து பார்த்த எங்களுக்கு, இரண்டு முழங்கைகள் மெதுவாக உயர்வது மட்டும் தெரிந்தது. இரண்டு கைகளையும் கண்களுக்குக் கீழே வைத்துக்கொண்டு நின்றார்.

'பந்து விழுந்ததை நான் பார்க்கவில்லை' என்பதற்கு அதுதான் சைகை.

"தூங்கிட்டாங்கபோல, யாராச்சும் ஒரு காப்பி குடுங்கப்பா," என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. நாலு வரிசை சிரித்தது. உயரமான நாற்காலியில் இருந்த தலைமை நடுவர் தாமே தீர்ப்புச் சொன்னார். ஆட்டம் தொடர்ந்தது.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு. சும்மா எதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம். உள்ள, இல்லைன்னா வெளிய. ரெண்டுல ஒண்ணுதானே?"

நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். மாலை வகுப்புத் தேர்வில், தெரியாத கேள்விக்கும் ஏதாவது ஒரு விடையில் வட்டம் போடாமல் நான் தாளைக் கொடுத்ததில்லை. அங்கே என்னைப் பார்க்க ஆசிரியையைத் தவிர ஆளும் கிடையாது.

அடுத்த இடைவேளையில் கோட்டு நடுவர்களின் முறை மாறியது. வரிசையில் அண்ணி நிமிர்ந்தபடியே வெளியே நடந்தார். நான் கை தட்டினேன். என்னோடு யாரும் தட்டவில்லை. பரவாயில்லை என்று இன்னும் இரண்டு தட்டுத் தட்டினேன்.

மாலை, பேருந்து நிறுத்தத்தில் எங்களோடு வந்து சேர்ந்தார். சனிக்கிழமைக்கு அழைப்பு இல்லை என்று நாங்கள் கேட்பதற்கு முன் அவரே சொல்லிவிட்டார்.

"அந்த நெட்டையன் குறுக்க வந்து நின்னா நீ என்னம்மா பண்ணுவ?" என்றாள் அம்மா. "ஆளா அவன், சுவரு மாதிரி!"

அண்ணி சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அண்ணி பார்த்த அதே கோட்டைத்தான் நானும் அவர் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பந்து விழுந்தபோது நெட்டையன் மறுமூலையில் வழுக்கி விழுந்து கிடந்தான். வெயில்கூட எங்கள் முதுகுப் பக்கம்தான்.

குறுக்கே யாரும் இல்லை.

என் கணக்கில் எங்கோ தவறு இருக்கும் என்று முதலிலிருந்து யோசித்துப் பார்த்தேன். இல்லை.

பேருந்தில் அண்ணி என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அம்மாவும் அண்ணனும் முன்னால் நின்றுகொண்டு, கூட்டத்தில் காப்பி கேட்டவனைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். சிக்னலில் வண்டி நின்றது.

அண்ணி உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கடையைப் பார்த்தார். கையை எடுத்தார். மறுபடி மூடினார்.

"அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"தையல் மெஷின் ரிப்பேர் செய்யப்படும்."

"ஓ."

வண்டி கிளம்பியது. அண்ணி கையைக் கீழே இறக்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அண்ணன்கிட்ட இன்னைக்கு வேண்டாம். அவருக்கு இன்னைக்கு ஒரு கவலை போதும்."

நாளை செய்ய வேண்டியது: காலை எட்டு மணிக்குக் கண் மருத்துவமனை திறக்கும்போது, அண்ணியோடு வாசலில் இருப்பது.