இருநூற்றுப் பதினோரு வீடுகள்

“என் ரெண்டு நிமிஷத்த நான் எதுக்கு அந்தம்மாவுக்குத் தரணும்? அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதே!”

ரோஸ்கோ டேட் போட்ட சத்தத்தில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிகமோர் தெருச் சங்கத்தின் தலைவி பெர்னடீன் மட்டும் அசரவில்லை.

“கத்தாதே. முதல்ல கேளு. அப்புறமா என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு.”

“அக்கா, போகப்போறது என் வீடு. நான் பேசாம வேற யாரு பேசுவா?”

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் நெடுஞ்சாலைத் துறையின் கருத்துக்கேட்புக் கூட்டம். நகரத்தின் நடுவே ஓடும் மேம்பாலம் அறுபது வருடத்தில் இற்றுப்போய்விட்டது. அதை இடித்துவிட்டுப் பழையபடி தெருவாக்குவதா, இன்னும் அகலமாகக் கட்டுவதா என்பதுதான் கேள்வி. அகலமாக்கினால் நாற்பத்தாறு வீடுகள் போகும். ரோஸ்கோவின் வீடும், அதன் முன்னறையில் அவர் நடத்தும் முடிதிருத்தும் கடையும் அதில் சேர்த்தி.

ஆளுக்கு இரண்டு நிமிடம். வேண்டுமென்றால் தன் நேரத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். ரோஸ்கோ தன் பேச்சை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொடுத்த தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். ஒரு மாதமாகக் கடைக்கு வந்தவர்களெல்லாம் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு அதைக் கேட்டே தீரவேண்டியிருந்தது.

அதிகாரி பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்.

“என் நேரம் வில்ஹெல்மினா கிரேன் அம்மாவுக்கு,” என்றார் முதல் ஆள். இரண்டாம் ஆளும் அதையே சொன்னார். மூன்றாவதாக எழுந்தவர் மேம்பாலத்தை நாலு வார்த்தை திட்டிவிட்டு அதையே சொன்னார்.

“மிஸ்டர் ரோஸ்கோ டேட்!”

பெர்னடீன் அவர் முகத்தையே பார்த்தார். ரோஸ்கோ தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்தார்.

“அந்தம்மாவுக்கே குடுங்க. எனக்கெதுக்கு!” என்று சொல்லிவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார்.

முப்பத்தேழு பேர் கொடுத்த நேரத்தையும் அந்த அம்மாவுடைய இரண்டு நிமிடத்தையும் அதிகாரி கூட்டிப் பார்த்தார். எழுபத்தாறு நிமிடம் வந்தது. அவர் வாட்சைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

எண்பது வயதைத் தாண்டிய ஒல்லியான அம்மாள் மைக் முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

“அறுநூத்தி ஒண்ணு,” என்று ஆரம்பித்தார். “லூதர் பெட்டிஸ். மனைவி ஐடா. செங்கல் வீடு, ரெண்டு மாடி, பதினோரு ஜன்னல். பின்னால திராட்சைப் பந்தல்.”

அரங்கில் யாருக்கும் எதுவும் புரியவில்லை.

“அறுநூத்தி மூணு. கிளியோ ஹாக்கின்ஸ், கணவர் இல்ல. மூணு பிள்ளைங்க. மர வீடு, வாசப்படியில ஒண்ணு உடைஞ்சது. அறுநூத்தி அஞ்சு. மோசஸ் விட்டேக்கர். முன்னால தையல் கடை, பின்னால கோழிக்கூண்டு.”

ரோஸ்கோவுக்கு அப்போதுதான் உறைத்தது. மேம்பாலம் வந்தபோது அழிந்துபோன பழைய சிகமோர் தெருவை இந்த அம்மாள் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறார். எங்கேயும் தடுமாற்றம் இல்லை, யோசிக்கக்கூட நிற்கவில்லை. பின்வரிசையில் யாரோ “எங்க பெரியம்மா வீடு!” என்று விம்மினார்கள். தங்கள் வீட்டு எண் வந்ததும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். நின்றவர்கள் மறுபடி உட்காரவில்லை. அதிகாரி வாட்சைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

எந்த வீட்டுப் பெண் இப்படித் தெரு முழுக்க ஜன்னலை எண்ணிக்கொண்டு திரிந்திருப்பாள் என்று ரோஸ்கோவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

“அறுநூத்தி நாப்பத்தேழு. ஏமஸ் டேட். மனைவி பெர்ல். நாலு ரூம். தோட்டத்துல ரெண்டு பேரி மரம். ஒண்ணு காய்க்கும், ஒண்ணு காய்க்காது.”

ஏமஸ் ரோஸ்கோவின் தாத்தா. அந்தக் காய்க்காத பேரி மரத்தைப் பற்றி அப்பா சாகும்வரை புலம்பிக்கொண்டிருந்தார். அப்பாவோடு அந்தப் பேச்சு போயிற்று என்றுதான் நினைத்திருந்தார். அவரும் எழுந்து நின்றார். கண்ணைத் துடைக்கத் தோன்றவில்லை.

ஒற்றைப்படை வரிசை முடிந்து இரட்டைப்படை வரிசை தொடங்கியது. அதுவும் முடிந்தபோது அரங்கில் பாதிப் பேருக்குமேல் நின்றுகொண்டிருந்தார்கள்.

“மொத்தம் இருநூத்திப் பதினோரு வீடு,” என்றார் அந்த அம்மாள். “இப்ப இருக்கிற நாப்பத்தாறு வீட்டையும் நாளைக்கு யாரும் இப்படி நின்னு சொல்லும்படி ஆகக்கூடாது சார். அவ்வளவுதான்.”

ரோஸ்கோ நாற்காலிகளை விலக்கிக்கொண்டு ஓடிப்போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“என்ன மன்னிச்சிடுங்கம்மா. உங்களுக்கு நேரம் தரமாட்டேன்னு சண்டை போட்டவன் நான். எங்க தாத்தா வீட்டையே கண்ணுல காட்டிட்டீங்க. எல்லார் வீட்டையும் சொன்னீங்க, உங்க வீட்டச் சொல்லலியே? உங்களுது எந்த நம்பரு?”

பெர்னடீன் தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்கு அங்க வீடே கிடையாதுப்பா,” என்றார் வில்ஹெல்மினா. “அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு, இதே நெடுஞ்சாலைத் துறை ஆபீஸ்ல டைப்பிஸ்ட். உங்க வீடுகளையெல்லாம் விலை போட்ட பட்டியலையும், முப்பது நாள்ல காலி பண்ணுங்கன்னு அனுப்பின நோட்டீஸையும், இருநூத்திப் பதினோரு வீட்டுக்கும் உக்காந்து அடிச்சவ நான்தான்.”